மூன்றாக மடித்த துண்டு

ஜனவரி 6, செவ்வாய்

கடையை இன்று மதியத்துக்கு மேல்தான் திறந்தேன். காலையில் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

அங்கே நடந்ததை எழுதி வைக்கிறேன். மறந்துவிடுவேன் என்பதற்காக அல்ல. கோபம் ஆறிவிடக் கூடாது, அதற்காக.

சிறப்புப் பிரிவில் பெரிய பிள்ளைகளை வருகிற ஜூனில் வேலைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவை அறை. துணியை மெஷினில் போடுவது, காய்ந்ததை மடிப்பது, அடுக்குவது. ஒழுங்காகச் செய்தால் அங்கேயே வேலை கொடுப்பார்களாம். போகாத பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்ததும் பள்ளியும் முடிந்தது. அப்புறம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெயர்களை வாசித்தார்கள். என் மகள் பெயர் வரவில்லை.

எழுந்து கேட்டேன். பதில் சொன்னது பயிற்சி வீட்டு டீச்சர். பள்ளி வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீடு வைத்திருக்கிறார்கள். அடுப்பு, கட்டில், துவைக்கிற மெஷின் எல்லாம் இருக்கும். பல் தேய்ப்பதிலிருந்து படுக்கை விரிப்பது வரை பிள்ளைகள் பழகுவது அங்கேதான். அந்த வீட்டுக்கு இவள்தான் ராணி. மடிப்புக் கலையாத உடை, மடிப்புக் கலையாத முகம். நான் வைத்திருக்கிற பெயர் விறைப்பு. அத்தனை பேர் முன்னால், குரலைக்கூட உயர்த்தாமல் சொல்கிறாள்:

"உங்க பொண்ணு தனியா எதையும் செய்ய மாட்டா. பக்கத்துல நீங்க இருந்தாதான் அவ கை நகரும். அங்க பக்கத்துல யாரு நிப்பா?"

பின்வரிசையில் யாரோ 'ப்ச்' கொட்டினார்கள். அந்த 'ப்ச்'சையும் இவள் கணக்கில்தான் எழுதுகிறேன்.

"நான் கத்துக்குடுத்து, அவ செஞ்சு காட்டினா?" என்றேன்.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி பெற்றோர் நாள். எல்லார் முன்னாடியும் செய்யட்டும். செஞ்சா நானே பேரை எழுதறேன்."

எழுதத்தான் போகிறாய், மகராசி. எழுதும்போது உன் முகத்தைப் பார்க்க நான் முன்வரிசையில் இருப்பேன்.

ஜனவரி 7, புதன்

சிலுப்பி என்றுதான் அவளைக் கூப்பிடுகிறோம். பிறந்த அன்றே தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. இன்றும் எந்தச் சீப்புக்கும் அடங்காது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முடி வெட்டுகிறவள் வயிற்றில் இப்படி ஒரு தலை.

அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது அவளுக்கு நாலு வயது. அவர் எழுதியது ஒரே வரி. அந்த வரி எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது. புத்தியே இல்லை என்பதல்ல அது. நாம் ஒரே மூச்சில் செய்வதை அவளுக்குச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். நாம் பார்த்தே தெரிந்துகொள்வதை அவளுக்குக் கைப்பிடித்துக் காட்ட வேண்டும். நம் வீட்டுக் குழாயைத் திறக்கப் பழகிவிட்டாள் என்றால் சித்தி வீட்டுக் குழாயையும் திறப்பாள் என்று நினைக்கக் கூடாது. அது வேறு குழாய். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் உள்ளே போனது போனதுதான். கடைக்கு வருகிற யாருடைய குடை எது என்று அவளுக்குத் தெரியும். கிளம்புகிறவர் கையில் கொண்டுவந்து கொடுப்பாள். ஒரு நாளும் மாறியதில்லை. எண்ணத் தெரியாது, எழுத்துத் தெரியாது, குடை தெரியும். விறைப்புக்கு இது தெரியுமா?

ஜனவரி 12, திங்கள்

நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்குவது எப்படி என்று. கடைசிப் படியை முதலில் பழக்கு என்கிறது. அதாவது துண்டை நானே மடித்துக் கொடுத்துவிட வேண்டும். அலமாரியில் வைப்பது மட்டும் அவள் வேலை. அது படிந்த பிறகு, கடைசி மடிப்பும் அவளுடையது. அப்படியே பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். எப்போதும் வேலை முடிகிற இடத்தில் அவள் கை இருக்கும், முடித்த சந்தோஷம் அவளுக்கே கிடைக்கும்.

நல்ல யோசனை. என் கடையில் துண்டுக்கா பஞ்சம்? ஒரு நாளைக்கு மெஷின் நிறைய விழுகிறது. பின்பக்கத்து மேசையை இழுத்து என் நாற்காலிக்குப் பின்னால் போட்டேன். நான் முடி வெட்டிக்கொண்டே கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 19, திங்கள்

அலமாரியில் வைக்கிறாள். கடைசி மடிப்பும் வந்துவிட்டது.

புத்தகம் இன்னொன்றும் சொல்கிறது: வாயால் சொல்லிக்கொண்டே இருக்காதே, பிள்ளை உன் வாயைப் பார்த்தே பழகிவிடும். நான் வாயைத் தைத்துக்கொண்டேன். அவள் தப்பாக மடித்தால்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. கண்ணாடியில் பார்க்கிறேன், பல்லைக் கடித்துக்கொள்கிறேன், என் கை மட்டும் ஒரு நொடி நிற்கும். அவளே திருத்திக்கொள்கிறாள்! தானாகவே! தலை காட்டி உட்கார்ந்திருக்கிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

"அக்கா, நீங்க டீச்சரா போயிருக்கணும்" என்றாள் என் தங்கச்சி. அவளும் கடையில் என்னோடுதான் வேலை செய்கிறாள்.

போயிருந்தால் விறைப்பை விட நன்றாகவே செய்திருப்பேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மூன்றாக மடிக்கிறாள். ஓரம் ஓரத்தோடு சேர்கிறது. மெஷினில் போட்டு, தூள் போட்டு, மூடி, பட்டனை அழுத்துகிறாள். இன்று கடைக்கு ஆள் குறைவு. கை சும்மா இருந்தால் காற்றை வெட்டுகிற பழக்கம் எனக்கு. கத்தரியை ஆட்டிக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தப்பில்லை.

லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வழியிலிருந்து போன் பண்ணினார். வாரக்கடைசியில்கூட இப்போதெல்லாம் வர முடிவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு கடைசியில் கேட்கிறார்:

"உனக்கு அவ வேலைக்குப் போகணுமா, இல்ல அந்த டீச்சர் மூக்கு உடையணுமா?"

ரெண்டும்தான். ஏன், ரெண்டும் கேட்கக் கூடாதா?

பிப்ரவரி 9, திங்கள்

பள்ளிக்குச் சிலுப்பியைக் கூப்பிடப் போனேன். பயிற்சி வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஒரு பையன், ஒல்லியாக, சட்டைப் பட்டனோடு போராடிக்கொண்டிருக்கிறான். ஒன்று போட்டால் இன்னொன்று கழல்கிறது. முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. விறைப்பு எங்கே? வெளியே. ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து நின்று டீ குடிக்கிறாள்! நிதானமாக, ஊதி ஊதி. எனக்கு உள்ளே ஓடிப்போய் அந்தப் பட்டனைப் போட்டுவிடக் கை பரபரத்தது.

கல்நெஞ்சுக்காரி.

பிப்ரவரி 20, வெள்ளி

நாசமாப் போச்சு.

பிப்ரவரி 21, சனி

நேற்று எழுத முடியவில்லை.

பயிற்சி வீட்டில் பெற்றோர்கள் சுவரோரமாக நின்றோம். பிரின்சிபாலும் வந்திருந்தார். யாரும் பேசக் கூடாது என்று விறைப்பு சொல்லிவிட்டாள். ஊசி விழுந்தால் கேட்கும். சிலுப்பி வந்தாள், என் கடையில் செய்கிற மாதிரியே மேசை முன்னால் நின்றாள். துண்டை எடுத்தாள், மூன்றாக மடித்தாள். அழகாக, ஓரம் ஓரத்தோடு. என் நெஞ்சு விம்மியது.

அப்புறம் பிரித்துவிட்டாள்.

திரும்ப மடித்தாள். திரும்பப் பிரித்தாள். தலையைச் சாய்த்து எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். மெஷின் பட்டன் மேல் கையை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். ஒரு பெற்றோர் செருமினார். அதற்குச் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி மடித்தாள், பிரித்தாள். எத்தனை நேரம் இப்படியே! என்னால் தாங்க முடியவில்லை. முன்னால் பாய்ந்து, "மடிடி! வீட்ல மடிப்பியே, அதே மாதிரி மடி!" என்று அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

விறைப்பு என் பக்கத்தில் வந்தாள். "நீங்க வெளிய போங்க."

எல்லார் முன்னாலும். என் பிள்ளை முன்னால். என்னைப் பார்த்து, வெளிய போங்க!

போனேன். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் என் மகள் கையில் பிரித்த துண்டோடு நின்றுகொண்டிருந்தாள்.  

விறைப்பு ஏதோ செய்திருக்கிறாள். மேசையை மாற்றினாள், துண்டை மாற்றினாள், வேண்டுமென்றே அத்தனை பேரைக் கூட்டி மிரட்டினாள். இல்லாவிட்டால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற பிள்ளை அங்கே போய் இப்படி நிற்குமா? இந்தக் கையால் அவளைக் கவனிக்காமல் விடமாட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

என் கடைக்கு வருகிறவள் கழுத்தில் போர்வையைக் கட்டிவிட்டால் அவளால் அசைய முடியாது. கண்ணில் முடி விழும் என்று கண்ணையும் மூடிக்கொள்வாள். காது மட்டும்தான் திறந்திருக்கும். சிறப்புப் பிரிவு அம்மாக்களில் பாதிப் பேர் என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார்கள்.

இன்று ஆரம்பித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். "பிள்ளைங்களை உள்ள போட்டுக் கதவைச் சாத்திட்டு, வெளிய நின்னு டீ குடிக்கிறா. ஒரு பையன் உள்ள அழுதுக்கிட்டிருந்தான், என் கண்ணால பார்த்தேன்."

"அப்படியா!" என்றாள் முதல் தலை.

மார்ச் 3, செவ்வாய்

அப்படியா, அப்படியா, அப்படியா.

மார்ச் 10, செவ்வாய்

நான் சொன்னது இன்று எனக்கே திரும்பி வந்தது. புதிதாக வந்த ஒரு பெண் சொல்கிறாள்: "அக்கா, அந்த ஸ்கூல்ல ஒரு டீச்சர் பசங்களை ரூம்ல பூட்டி வச்சிட்டு வீட்டுக்கே போயிடுவாளாமே!"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "கேள்விப்பட்டேன்" என்றேன். சொல்லும்போது ஒரு மாதிரி இனித்தது. எழுதி வைக்கிறேன், இனித்தது.

மார்ச் 27, வெள்ளி

அம்மாக்கள் கூட்டமாகப் போய்ப் பிரின்சிபாலைப் பார்த்திருக்கிறார்கள். நான் போகவில்லை. எனக்கென்ன, நான் முடி வெட்டுகிறவள்.

ஏப்ரல் 1, புதன்

விறைப்பைத் தூக்கிவிட்டார்கள்! பயிற்சி வீடு இனிமேல் அவளுக்கு இல்லை. அலுவலக அறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து வருகைப் பதிவு பார்க்கிறாளாம். ஜன்னல்கூட இல்லாத மூலை. இனி எங்கே நின்று டீ குடிப்பாள்?

தங்கச்சிக்கும் சிலுப்பிக்கும் கேக் வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். சும்மாதான் என்றேன். மண்ணைக் கவ்வ வைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? மூன்று பேரும் வெட்டிச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 8, புதன்

பயிற்சி வீட்டுக்குப் புது டீச்சர். சின்ன வயசு, தங்கமான முகம். எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் 'ஐயோ பாவம்' என்கிறாள். இவள் பெயர் ஐயோபாவம் என்றே ஆகிவிட்டது எனக்கு. சிலுப்பியைப் பற்றிச் சொன்னேன். உடனே சலவை அறைக் குழுவில் பெயரைச் சேர்த்துவிட்டாள்.

"ஐயோ பாவம், எல்லாரும் போகட்டுமே. அங்க போய்ப் பழகிக்குவாங்க."

அவ்வளவுதான். ஒரு பெயரை எழுத இவ்வளவு நேரம்தான் ஆகிறது. விறைப்பு என்ன ஆட்டம் ஆட்டினாள்!

ஜூன் ஒன்றாம் தேதி முதல் நாள். அன்றைக்குப் பார்த்துவிட்டுத்தான் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று ஹோட்டலில் சொல்வார்களாம்.

ஏப்ரல் 16, வியாழன்

காலையில் சிலுப்பி சட்டையை மாட்டிக்கொண்டு பட்டன் போடாமல் நிற்கிறாள். போடு என்றேன்.

"மிஸ் போடுவாங்க."

இரண்டு வருஷமாகத் தானே போடுகிற பட்டன். பழக்கியது யார் என்று யோசித்தால் எரிச்சல்தான் வருகிறது. சாயங்காலம் பள்ளி வாசலில் பார்த்தேன். ஐயோபாவம் மண்டி போட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஷூ மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒல்லிப் பையன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறான், பட்டன் போட்டுவிடுவதற்கு.

பிப்ரவரியில் பாதிப் பட்டன் அவனே போட்டான். நான்தான் பார்த்தேனே.

ஏப்ரல் 23, வியாழன்

அவள் வந்தாள்.

தங்கச்சி பேங்குக்குப் போயிருந்தாள். கடையில் நானும் சிலுப்பியும்தான். கதவு திறந்தது, விறைப்பு நிற்கிறாள். அதே மடிப்புக் கலையாத உடை.

"முடி வெட்டணும். தோள் வரைக்கும்."

எத்தனை தடவை இவளை மனசுக்குள் இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன்! ஒரு பக்கம் ஏற்றி, ஒரு பக்கம் இறக்கி, பின்னால் ஒரு பள்ளம் விட்டு, எத்தனை விதமாக வெட்டி அனுப்பியிருக்கிறேன்! போர்வையை எடுத்துக் கட்டினேன். கொஞ்சம் இறுக்கமாகவே. சிலுப்பி பின்னால் மேசையில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். வெட்ட ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடவில்லை.

"நான் வெளிய நின்னு டீ குடிச்சது உண்மைதான்" என்றாள். "நீங்க சொன்னதுல அது ஒண்ணு உண்மை."

நான் வெட்டிக்கொண்டே இருந்தேன்.

"உள்ள போய் அந்தப் பட்டனை நான் போட்டுவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஓடிப் போய்ப் போட்டுடலாமான்னுதான் இருக்கும். அதுக்குத்தான் டீ. டம்ளர் காலியாகுற வரைக்கும் உள்ள போகக் கூடாதுன்னு எனக்கு நானே போட்டுக்கிட்ட விலங்கு. எனக்கு டீயே பிடிக்காது."

"இதையெல்லாம் எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"நியாயம் கேக்க வரல. உங்க பொண்ணு பேரு குழுவுல இருக்குன்னு பாத்தேன். இப்படியே போனா, அன்னிக்கு நின்ன மாதிரியேதான் அங்கயும் நிப்பா. அன்னிக்கு அவ எதுக்காகவோ காத்துக்கிட்டு இருந்தா. எதுக்குன்னு எனக்கு இன்னும் புரியல."

எவ்வளவு திமிர்! என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் பிள்ளை நிற்பாளாம்! கோபத்தில் என் கை நின்றுவிட்டது.

கண்ணாடியில் பார்க்கிறேன். சிலுப்பி சரியாக மடித்து வைத்திருந்த துண்டை மெல்ல எடுத்துப் பிரித்தாள்.

ஏதோ தோன்றியது. கத்தரியைக் காற்றில் ஆட்டினேன். சிலுப்பி மடித்தாள். நிறுத்தினேன். தலையைச் சாய்த்தாள், மடித்ததைப் பிரித்தாள். ஆட்டினேன். மடித்தாள். நிறுத்தினேன்.

பிரித்தாள்.

கண்ணாடியில் விறைப்பின் கண்ணும் என் கண்ணும் ஒன்றையொன்று பார்த்தன. அவளும் மூச்சு விடவில்லை. 

மீதி முடியை வெட்டி முடித்தேன். ஒரு மயிரிழை கோணலில்லாமல், என் வாழ்க்கையில் வெட்டிய தலைகளிலேயே நல்ல வெட்டு. கை அப்படிப் பழகிவிட்டது, சொன்னால் கேட்கவில்லை. எழுந்து கண்ணாடியில் பார்த்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"கோணலா வெட்டி அனுப்புவீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கும் அதான் ஆசை" என்றேன்.

சிலுப்பி ஓடிப்போய் அவள் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

ஏப்ரல் 24, வெள்ளி

வாயைத் திறக்கலன்னு பெருமை அடிச்சுக்கிட்டேனே. கை பேசிக்கிட்டே இருந்திருக்கே. சத்தம் ஓடினா சரி, சத்தம் நின்னா தப்பு — அதத்தான் கத்துக்குடுத்திருக்கேன் என் பிள்ளைக்கு. துண்டை எங்க கத்துக்குடுத்தேன்? அன்னிக்கு அந்த வீட்ல ஊசி விழுந்தா கேக்குற அமைதி. அவ எதைச் செஞ்சாலும் தப்பு, தப்பு, தப்புன்னுதானே அவளுக்குக் கேட்டிருக்கும்! அத்தனை பேர் முன்னாடி அந்தக் குழந்தை என் கத்தரியத் தேடிக்கிட்டு நின்னுருக்கு.

விறைப்பு மேல் இருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. குறைந்தபாடில்லை. ஆனால் வைக்கிற இடம் போய்விட்டது.

ஏப்ரல் 28, செவ்வாய்

ரேடியோவைச் சத்தமாக வைத்தேன், கத்தரி கேட்காத அளவுக்கு. சிலுப்பி காதைப் பொத்திக்கொண்டாள். ரேடியோவை மீறிக் கத்தரியைக் கேட்க என் பக்கத்திலேயே வந்து நின்றாள். துண்டைக் கையில் கொடுத்தேன், வீசி எறிந்தாள்.

மே 4, திங்கள்

சத்தமில்லாமல் முடி வெட்ட முடியாது. என் பிழைப்பே அந்தச் சத்தம்தான். அப்படியென்றால் அவள் துண்டு மடிக்கிற நேரத்தில் நான் அங்கே இருக்கக் கூடாது. வேறு வழி இல்லை.

ஜூன் ஒன்று நெருங்குகிறது.

மே 11, திங்கள்

பள்ளிக்குக் கோடை விடுமுறை. மதியம் ஆள் வராத நேரம் பார்த்து, துண்டுகளை மேசையில் குவித்து, கடைசிப் படியிலிருந்து திரும்ப ஆரம்பித்தேன். நான் இரண்டு மடிப்பு மடித்து வைத்துவிட்டு, "நீ முடி" என்று சொல்லி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவள் அழுகிறாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது. கதவுப் பிடியில் கை போகிறது, எடுக்கிறேன், போகிறது, எடுக்கிறேன்.

எதிரே டீக்கடை. ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து என் கடை வாசலிலேயே நின்று குடித்தேன். ஊதி ஊதி. டம்ளர் காலியாகிற வரைக்கும்.

நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. டீ உதவியது.

மே 15, வெள்ளி

போர்வைக்குள் இருந்த ஒருத்தி சொன்னாள்: "மருந்துக்கடை அம்மா உங்களைப் பத்தி என்ன சொல்லுது தெரியுமாக்கா? பொண்ணை உள்ள வச்சுப் பூட்டிட்டு வெளிய நின்னு டீ குடிக்கிறீங்களாம். இவல்லாம் ஒரு அம்மாவான்னு கேக்குது."

சிரித்துவிட்டேன். தங்கச்சி பயந்துபோய்ப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

மே 19, செவ்வாய்

பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தேன். டீச்சர் எதற்காக வெளியே நின்றாள் என்று சொன்னேன். அந்தப் பேச்சு எந்த நாற்காலியிலிருந்து கிளம்பியது என்பதையும் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார். விடுமுறையிலும் அலுவலக மூலையில் விறைப்பு இருந்தாள். தலை நிமிரவில்லை. என் வெட்டு இன்னும் நன்றாகத்தான் நிற்கிறது.

கடையில் ஒவ்வொரு தலைக்கும் திருப்பிச் சொல்கிறேன். அன்றைக்கு 'அப்படியா!' என்றவர்கள் இன்றைக்கு 'அட விடுங்கக்கா, போகுது' என்கிறார்கள்.

மே 22, வெள்ளி

இரண்டாவது மடிப்பு. அழவில்லை. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் கதவைத் திரும்பிப் பார்க்கிறாள்.

மே 26, செவ்வாய்

நான் உள்ளே வந்து வேலையை ஆரம்பித்தால் மறுபடி பழைய கதைதான். கத்தரி நின்றால் பிரிக்கிறாள். நான் இல்லாதபோது ஒரு சிலுப்பி, இருக்கும்போது ஒரு சிலுப்பி. சலவை அறையில் எந்தச் சிலுப்பி போய் நிற்பாள்?

மே 30, சனி

முழுவதும் மடித்தாள். ஒன்றே ஒன்று. அடுத்ததை மடித்துப் பிரித்துவிட்டாள்.

போதாது. திங்கள்கிழமைக்கு இது போதாது.

ஜூன் 1, திங்கள்

பள்ளி வேன் கடை வாசலுக்கே வந்து அவளை ஏற்றிக்கொண்டது. நானும் வருகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே வந்தால் வேலை ஓடவில்லை. அதற்குள் மூன்று பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கத்தரியைத் தேடினால் காணோம். என் கத்தரி! இன்னொருத்தி கத்தரியில் என் கை ஓடாது. இழுப்பறை, ஜன்னல், மெஷினுக்குப் பின்னால் எங்கேயும் இல்லை. தங்கச்சி மேல் எரிந்து விழுந்தேன்.

"எங்கிட்ட எனக்குன்னு ஒண்ணு இருக்கே, உன்னுதை நான் எதுக்குத் தொடப்போறேன்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சரி, தலையையாவது அலசிவிடலாம் என்று அலமாரியிலிருந்து மேலே இருந்த துண்டை எடுத்தேன். கனத்தது.

பிரித்தேன். உள்ளே கத்தரி.

வேன் வருவதற்கு முன்னால், நான் அவள் டிபன் டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் செய்திருக்க வேண்டும். துண்டை அப்படியே மேசையில் வைத்துப் பார்த்தேன். மூன்று மடிப்பு. ஓரம் ஓரத்தோடு. கத்தரி உள்ளே வாய் மூடிக் கிடக்க, சரி தப்பு என்று எதுவும் சொல்லாமல், மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நாற்காலியில் இருந்த பெண், "என்னக்கா, அழறீங்களா?" என்றாள். முடி கண்ணில் விழுந்துவிட்டது என்றேன். இன்னும் வெட்டவே ஆரம்பிக்கவில்லையே என்றாள்.

சாயங்காலம் வேன் வந்தது. கழுத்தில் ஹோட்டல் அட்டையோடு இறங்கினாள். கூடப்போன ஆயா சொன்னார்: "மத்தியானம் வரைக்கும் ரொம்ப மெதுவா செஞ்சா. ஆனா செஞ்சா. நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க."

உள்ளே கூட்டி வந்து கத்தரியைக் காட்டினேன். "ஏன்டி இதை ஒளிச்சு வச்சே?"

கத்தரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அது பேசிக்கிட்டே இருக்கு" என்றாள்.

வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். லாரியை ஓரம் கட்டியிருப்பதாகச் சொன்னார்.

நாளைக்குப் பள்ளிக்குப் போய் விறைப்பிடம் சொல்ல வேண்டும். அவளை அந்த மூலையிலிருந்து இன்னும் எழுப்பவில்லை. பிரின்சிபால் இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், அவரையும் விடப்போவதில்லை. அவளை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. சொல்லிக் காட்டப் போகவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக் காட்டவும்தான். போகும்போது ஒரு டீ வாங்கிக்கொண்டு போவேன், பெரிய டம்ளரில்.

அவளுக்கு டீ பிடிக்காது. அதனால்தான்.